நூறு பாகைக்கு முன்பே கொதிக்கும் நீர்

நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று எமது பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கண்டியில் நீரைக் கொதிக்கவைத்து ஆய்வுகூட வெப்பமானியால் அளந்தால் 98 பாகையைச் சற்றுத் தாண்டும்போதே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகையளவே போதும். புத்தகத்தில் பிழையில்லை, அது கடல்மட்டத்துக்குரிய அளவு. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறையும், கொதிநிலையும் குறையும். மலையில் பருப்பு அவியக் கூடுதல் நேரமெடுப்பது இதனால்தான். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் இடவேண்டாம்; உடைந்துவிடும்.)

அளந்து பார்த்த பிள்ளை காரணத்தையும் கேட்கும். இலங்கையில் 1972இல் 6ஆம் வகுப்பு முதல் ஒன்றிணைந்த விஞ்ஞானம் புகுத்தப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹொஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் கிராமிய நிலையமும் 16 பாடசாலைகளில் புதிய முயற்சியொன்றைத் தொடங்கின. 6 முதல் 8ஆம் வகுப்பு வரையான கிராமப் பிள்ளைகள் குழுக்களாக இருந்து, மலிவான பொருட்களைக் கொண்டு தாமே பரிசோதனை செய்தனர். வயலுக்குச் சென்று பயிரையும் பூச்சியையும் அவதானித்தனர். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைக்கும் புள்ளி உண்டு. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பும் அரசின் ஆதரவின்றி நிலைக்கவில்லை. ஆகவே பெற்றோரும் இதைத் தமது தேவையாகக் கேட்கவேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடசாலை மாறும். பாடங்கள் இடையில் விடுபடும். மகாவலியை மறித்து 1985இல் நிறைவேறிய விக்டோரியா அணையால் பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் நீரில் மூழ்கின. அங்கிருந்து சென்றோர் புது மண்ணைப் புதிதாக அறியவேண்டியிருந்தது. அந்த அறிவே விஞ்ஞானப் பாடம்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண் இட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒருநாளோ அதற்கு மேலோ செல்லும். படைகளைப் பிள்ளை அடிமட்டத்தால் அளந்து எழுதட்டும். மேட்டு மண்ணையும் வயல் மண்ணையும் ஒப்பிடட்டும். எது நீரைப் பிடித்து வைக்கும், எதில் எதை நடலாம் என்பதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் போத்தலையும் குறிப்பையும் பிள்ளை வகுப்புக்குக் கொண்டு செல்லட்டும். ஆய்வுகூடம் வரும்வரை காத்திருந்தால் பிள்ளையின் வயது காத்திராது.