சண்டே காலை ‘சைட்’ அடிக்கலாமா?

சண்டேன்னா பத்து மணி வரைக்கும் இழுத்துப் போர்த்தித் தூங்குற பார்ட்டியா நீங்க? ஜனவரியில ஒரே ஒரு ஞாயிறு, ஆறரை மணிக்குப் பள்ளிக்கரணை வந்து பாருங்க. துரைப்பாக்கம் 200 அடி ரோட்டோரமா நடந்தாலே போதும். நாணலுக்குள்ள நீலத் தாழைக்கோழி நடை பழகும். நத்தைகுத்தி நாரை சேத்தைக் கிளறி டிபன் தேடும். லக் இருந்தா பூநாரைக் கூட்டமே தரிசனம் தரும்!

சென்னை வளர வளர சுருங்கிப்போன சதுப்பு நிலம் இது. பெருங்குடி பக்கம் பல வருஷம் ஊர்க் குப்பையைக் கொட்டினதும் நாமதான். மிச்சத்துல 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. அதனால சும்மா ரசிச்சுட்டுத் திரும்பாதீங்க. என்ன பறவை, எத்தனைன்னு எண்ணி ‘இ-பேர்டு’ல ஏத்துங்க. ‘இங்கே பறவையே வர்றதில்லை’ன்னு நாளைக்கு யாராவது கட்டடம் கட்ட வந்தா, தேதி போட்ட உங்க லிஸ்ட்தான் சாட்சி. அப்புறம், ப்ளீஸ்... செல்லுல குத்துப்பாட்டு வேணாம்!