சிதறிய நூலும் சிதைந்த உள்ளமும்

நாவல் என்பது முதலும் இடையும் முடிவும் தொடர்ந்து செல்லும் கதை என்றே நாம் கருதி வருகின்றோம். அக்கருத்தை முற்றும் மறுக்கும் நூலொன்று 1970-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஜே. ஜி. பாலார்ட் இயற்றிய ‘தி அட்ராசிட்டி எக்ஸிபிஷன்’ என்பதே அது. ‘கொடுமைகளின் கண்காட்சி’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம்.

இந்நூல் 15 பகுதிகளை உடையது. அவற்றுட் பெரும்பாலானவை தனித்தனித் தலைப்புடைய சிறு பத்திகளால் ஆயவை. பத்திக்கும் பத்திக்கும் இடையே கதைத்தொடர்ச்சி காண்டல் அரிது. தலைவன் மனநோய் மருத்துவன். தானே மனஞ் சிதைந்தவன். அவன் பெயரும் ட்ராவிஸ், டால்பட், ட்ராவன், டாலிஸ் எனப் பகுதிதோறும் மாறும். இஃது ஆசிரியர் சோர்வோ? அன்று, சிதைந்த உள்ளத்தின் வடிவமே நூலின் வடிவமாயிற்று.

உள்ளம் சிதைந்தது எதனால்? 1963-இல் அமெரிக்கத் தலைவர் கென்னடி சுடப்பட்டு மாண்டார். கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டவனும் இருநாள் கழித்து, மக்கள் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டான். பின்னர் வியட்நாம் போரும் அவ்வழியே இல்லந்தோறும் புகுந்தது. பிணமும், நடிகை முகமும், மோட்டார் விளம்பரமும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றின. எதற்கு இரங்குவது, எதனை விரும்புவது என்னும் வேறுபாடு மங்கிற்று. தலைவனோ, பொருளற்றுப் போன அம்மரணங்களுக்குப் பொருள் காணுமாறு அவற்றை மீண்டும் நடத்திக் காட்ட முயல்கின்றான்.

ஆசிரியரும் துன்பம் அறியாதவர் அல்லர். 1930-இல் ஷாங்காயிற் பிறந்த அவர், போர்க்காலத்தில் ஜப்பானியர் முகாமிற் சிறைப்பட்டு வளர்ந்தார். 1964-இல் அவர் மனைவி மூன்று குழந்தைகளை விட்டுத் திடீரென இறந்தார். ஆகலின், நூலிற் காணும் மருத்துவ அறிக்கை போன்ற குளிர்ந்த நடையைக் கன்னெஞ்சம் என்னாது, துயரால் மரத்த நெஞ்சம் எனக் கொள்ளுதலே தகும்.

அருவருப்பான செய்திகள் நிறைந்த நூலைப் பயிலுதல் முறையோ என வினவுவார் உளர். அமெரிக்காவில் 1970-இல் அச்சான படிகளைப் பதிப்பகத்தாரே வெளியிடாது அழித்தனர். 1972-இல் வேறொரு பதிப்பகம் வேறு பெயரால் வெளியிட்டது. அவ்வருவருப்பு மெய்யே. ஆயினும் அதனூடே ஆசிரியர் காட்டும் உண்மையொன்று உண்டு.

நூலின் தொடக்கத்தில், மனநோய் மருத்துவமனையில் நோயாளிகள் தீட்டிய படங்களின் ஆண்டுக் கண்காட்சி நிகழ்கின்றது. அதற்கு அந்நோயாளிகள் அழைக்கப்படவில்லை! துன்புற்றோர் புறத்தே நிற்க, அவர்தம் துன்பம் மட்டும் காட்சிப்பொருளாயிற்று. இன்று நம் கைபேசித் திரையில் ஓயாது விரிவதும் இக்கண்காட்சியன்றோ? படத்திலுள்ளவர் யார், அவர் பெயர் யாது என வினவும் உள்ளமே இன்னும் மரத்துப்போகாத உள்ளம்.