யந்திரமும் நெசவாளர் கூலியும்

புதிய யந்திரம் ஒன்று தொழிலில் புகும்போது வேலை குறையுமா, கூலி குறையுமா என்னும் கேள்வி எழுவது இயல்பு. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஒரு பொருளை ஆக்குவதில் பல படிகள் உண்டு. யந்திரம் அவற்றுள் எந்தப் படியில் புகுகிறது என்பதைப் பொறுத்தே விளைவும் அமைகிறது. பருத்தித் தொழிலின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

இராட்டையில் நூல் நூற்ற காலத்தில், ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தருவதற்குப் பலர் உழைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1760களிலிருந்து ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோர் நூற்பு யந்திரங்களை அமைத்தனர். நூல் மலிந்தது, கையால் நூற்றுவந்த பெண்கள் வருவாய் இழந்தனர். நெசவாளர்க்கோ அதே யந்திரம் நற்காலத்தைத் தந்தது. பெருகிய நூலை நெய்யப் போதிய ஆட்கள் இல்லாமையால் அவர்களுடைய கூலி உயர்ந்தது.

அந்நற்காலம் நீடிக்கவில்லை. உயர்ந்த கூலியை நாடிப் பலர் நெசவில் சேர்ந்தனர். ஆட்கள் மிகவே கூலி இறங்கத் தொடங்கியது. கார்ட்ரைட் 1785ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைத்த விசைத்தறி, பிறரால் திருத்தம் பெற்று 1820களில் விரைந்து பரவியது. கைத்தறியாளரின் கூலி மேலும் வீழ்ந்தது. விசைத்தறி ஆலைகளில் புதிய வேலைகள் தோன்றினவெனினும், அவற்றைப் பெரும்பாலும் பெண்களும் இளையோருமே பெற்றனர். முதிய நெசவாளர் பலர் குறைந்த கூலிக்கே தம் பழைய தறியில் நெய்துகொண்டிருந்தனர்.

இந்தியாவிலும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை நூல் இறக்குமதியானபோது கைநூற்பு பெரிதும் நலிந்தது. இறக்குமதித் துணியால் நெசவாளரும் இடருற்றனர். ஆயினும் அவர்களுள் பலர் மலிந்த ஆலை நூலையே வாங்கி நெய்து, தொழிலைக் காத்துக்கொண்டனர். 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஆனால் நெசவுக் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் மாத வருவாய் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பதும் அதே கணக்கில் வெளியாயிற்று. இதற்கு ஒரு காரணம் உண்டு. கைத்தறித் துணியும் விசைத்தறித் துணியும் ஒரே சந்தையில் விற்கின்றன. விசைத்தறித் துணியின் விலை இறங்கினால், கைத்தறித் துணிக்குக் கிடைக்கும் விலையும் அதனால் நெருக்கப்படுகிறது. எனவே யந்திரம் ஒருவருடைய வேலையைப் பறிக்காமலே அவருடைய கூலியைக் குறைக்கக்கூடும்.

துணி மலிவதன் நன்மை கோடிக்கணக்கான மக்களுக்குச் சிறிது சிறிதாகச் சென்று சேர்கிறது. இழப்போ ஒரு தொழிலையே நம்பிய குடும்பங்களின்மீது ஒருங்கே வந்து விழுகிறது. ஆதலின், மறைந்த வேலைகளையும் தோன்றிய வேலைகளையும் எண்ணிக் கழித்துப் பார்ப்பது மட்டும் போதாது. புதிய வேலை எந்த ஊரில், எவர்க்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர், என்ன கூலிக்குக் கிடைக்கிறது என்பதையும் ஆராய்ந்த பின்னரே யந்திரத்தின் பயனை மதிப்பிடுதல் முறையாகும்.