மூச்சு சீரான பிறகு குழந்தை பெறலாமா?

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடிய நோய்க்கு மாத்திரை எடுக்கும் இளம்பெண், சில மாதங்களில் நிற்காமல் மாடிப்படி ஏறத் தொடங்கலாம். ‘இப்பத்தான் நல்லாயிட்டியே, ஒரு குழந்தை பெத்துக்கோ’ என்று வீட்டில் பேச்சும் தொடங்கிவிடும். ஆனால் மருந்து மூச்சை இலகுவாக்குகிறதே தவிர, தடித்துச் சுருங்கிய குழாய்களைப் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை.

கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அத்தனையும் நுரையீரல் வழியாகப் போயாக வேண்டும். மற்ற பெண்களுக்கு அந்தக் குழாய்கள் விரிந்து இடம் கொடுக்கும். இவளுக்கு விரியாது, இதயத்தின் வலது பக்கம் முட்டிமோதிக் களைத்துப்போகும். 1997 முதல் 2007 வரை வெளியான மருத்துவப் பதிவுகளைத் தொகுத்தபோது, இந்நோயுள்ள கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். இன்று சிறப்பு மையங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. கால்சியம் தடுப்பு மாத்திரையிலேயே அழுத்தம் நன்றாக இறங்கிவிடும் சிலருக்கு ஆபத்து குறைவு. இருந்தாலும், கர்ப்பம் வேண்டாம் என்பதே இதய மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஆசையோடு கேட்பவளிடம் இதைச் சொல்வது கொடுமைதான். சொல்லாமல் விடுவது அதைவிடக் கொடுமை.

பலர் அறியாத ஒன்று, மரணங்களில் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பிறகு நேர்கிறது என்பது. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கி, தன்னிடமிருந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கர்ப்பத்தில் திசுக்களில் சேர்ந்த நீரும் அடுத்த நாட்களில் ரத்தத்துக்குள் வருகிறது. ரத்தம் உறையும் அபாயமும் அப்போது அதிகம். குடும்பம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடும் அந்த நாட்களில்தான் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

மருந்திலும் சிக்கல் உண்டு. பொசென்டான், அம்ப்ரிசென்டான், மாசிடென்டான், ரியோசிகுவாட் ஆகியவை கருவை ஊனப்படுத்தக்கூடியவை. வார்ஃபரினும் அப்படித்தான், கர்ப்பத்தில் அதற்குப் பதில் ஹெபாரின் ஊசி தருவார்கள். சில்டெனாஃபில் போன்றவற்றைத் தொடரலாம். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாள் தள்ளிப்போனதைக் கண்டு பயந்து எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்தினால் நோய் சட்டென்று முற்றிவிடலாம்.

கருத்தடையிலும் கவனம் தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். பொசென்டான் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையும்; அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் பலருக்கும் பொருந்தும். அதைப் பொருத்தும்போது சிலருக்குத் திடீரென நாடித்துடிப்பு குறைவதால், வசதியுள்ள மருத்துவமனையில் செய்துகொள்வதே நல்லது.

எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் அன்றே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் கருவைக் கலைக்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். முதல் மூன்று மாதங்களுக்குள் செய்வது ஆபத்து குறைவானது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் வேண்டாம். மயக்க மருந்து நிபுணரும் இதய மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.