தலை குறையும், தூரம் குறையாது

இந்தியாவில் பழங்குடிப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 2005-06இல் 3.1. பத்து வருடம் கழித்து 2.5. 2019-21இல் 2.1. மூன்றும் தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்குகள். ஒரு தலைமுறை போனால் அதன் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பத் தேவையான அளவும் கிட்டத்தட்ட இந்த 2.1தான். பதினைந்து வருடத்துக்குள் வீட்டுக்கு ஒரு பிள்ளை குறைந்துவிட்டது. மலையில் இருப்பவர்கள் நிறையப் பெற்றுக்கொள்வார்கள் என்று இன்னமும் பேசுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்கவில்லை.

தமிழ்நாடு இதைவிடக் கீழே இறங்கி நாளாகிறது. மாதிரிப் பதிவு முறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டுக்கு 1.9, தமிழ்நாட்டுக்கு 1.3. இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பெண்களுக்கு 130 பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகள் சுமார் 63. அந்த 63 பேரும் இதேபோலப் பெற்றால் 82 பிள்ளைகள். அதில் பெண்கள் 40. பாட்டிகள் நூறு, பேத்திகள் நாற்பது. நடுவில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு.

யாரும் அடித்துப் பிடித்து இதைச் சாதிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை வைத்து இதை விளக்க முயல்வது வீண்வேலை. 1920களின் கடைசியிலேயே பெரியார் கருத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, மதிய உணவு வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, பஸ் வந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் நான்கு பெற வேண்டிய அவசியம் போயிற்று. சமவெளியில் முதலில் வசதி வந்தது, அதன்பின் பிறப்பு குறைந்தது. இந்த முன்பின் வரிசை முக்கியம். ஜவ்வாது மலையில் அது தலைகீழாகப் போகிறது என்பதுதான் என் கவலை.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டத்தில், புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் இன்னொன்றில், பீஞ்சமந்தை மற்றொன்றில். குடும்ப நல ஆய்வு மாவட்டத்துக்குக் கீழே இறங்கிக் கணக்குச் சொல்வதில்லை. அதிலும் 2019-21 ஆய்வு 2017 மார்ச் மாத எல்லைகளை வைத்து நடந்தது. 2019 நவம்பரில் பிறந்த திருப்பத்தூர் மாவட்டம் அதில் கிடையாது. ஆக, ஆரணிக்காரியின் கணக்கிலும் வாணியம்பாடிக்காரியின் கணக்கிலும் மலைக்காரி கரைந்துபோகிறாள். சராசரி நன்றாக இருந்தால் மலையும் நன்றாக இருப்பதாக எழுதிவிடுவார்கள். கோப்பில் அப்படித்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள். 2011 கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். ஜவ்வாது மலையில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனால் அதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 23. அவரைப் பார்த்து உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் புத்தகத்தைக் கீழே வைக்காமல் இருப்பார்கள்! இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகள் இருபத்தைந்தில் கல்யாணம் செய்து ஒன்றோ இரண்டோ பெற்று, பெரும்பாலும் மலைக்கு வெளியே குடியிருப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் விளைவை மலை எப்படித் தாங்கும் என்று யோசிக்க ஆள் வேண்டும்.

மலையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை, குக்கிராமத்துக்கு வண்டிப்பாதை இல்லை என்றால் டோலி கட்டுவார்கள். நீளமான மூங்கில் கழி, அதில் தொட்டிலாக ஒரு போர்வை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். இறக்கத்தில் முன்னால் போகிறவர்களின் தோளில்தான் அதிகப் பாரம் இறங்கும். கொஞ்ச தூரத்தில் தோள் மாற்றியாக வேண்டும். அதனால் கூடவே இன்னும் நான்கு பேர் வெறுங்கையோடு நடப்பார்கள். பிரசவ வலி எடுத்த பெண் என்றால் முன்னால் டார்ச் பிடிக்க ஒருவன், பக்கத்தில் அவள் அம்மாவோ மாமியாரோ. எட்டு இளந்தோள் இல்லாத ஊரில் டோலி கிளம்பாது. முப்பது வீடு இருக்கும் ஊரில் இன்று அந்த எட்டுப் பேர் கிடைப்பதே அவர்கள் திருப்பூருக்கோ, கேரளாவுக்கோ, கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ கூலிக்குப் போகாத நாளில்தான்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமானது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். மாநிலமே தலைகுனிந்தது, சாலை போடப் பேச்சு எழுந்தது. அப்போது மலையில் ஆள் இருந்தார்கள், சத்தம் போட வாய் இருந்தது. ஆள் பாதியான பிறகு?

இங்கேதான் அரசின் அளவுகோல் உதைக்கிறது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கன்வாடி வேண்டுமென்றால் 300 பேர், குறைந்தபட்சம் 150 பேர் இருந்தால் சின்னதாக ஒன்று. சமவெளிக்கான 5,000, 30,000 என்பதைவிட இது தாராளம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இரண்டுமே தலையை எண்ணும் விதிகள். சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலையில் மூடினால் நடுவில் ஓடை இருக்கும், காடு இருக்கும், மழைக்காலம் இருக்கும். 2025-26இல் ஒரு பிள்ளைகூடச் சேராத அரசுப் பள்ளிகள் தமிழகத்தில் 207. பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம் என்று கல்வித்துறையே சொன்னது. மலைப்பாங்கான நீலகிரி அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது. பிள்ளை இல்லாமல் பள்ளி மூடுகிறது; பள்ளி மூடியதால் பிள்ளையுள்ள குடும்பம் இறங்கிப்போகிறது; அது போனதால் அங்கன்வாடிக்கு ஆள் போதவில்லை. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

சமவெளியில் ஆள் குறைந்தால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வருகிறார்கள். திருப்பூர் அவர்களால் ஓடுகிறது. ஜவ்வாது மலையில் சாமைக்குக் களையெடுக்க யார் ரயிலேறி வருவார்கள்? சாமை ஆளைக் கேட்கும் பயிர். விதைப்பு, களை, அறுப்பு, களத்தில் அடிப்பு, பிறகு அந்தக் கெட்டித் தோலைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது. ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிரும் முதுகு வேண்டும். அந்த முதுகுகளில் பல ஏற்கெனவே கூலிக்கு வெளியே போய்விட்டன. சில திரும்பவே இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரும் தமிழகத்துக்காரர்கள், சிலர் இந்த மலைக்காரர்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போனதற்குக் காரணம் மலையில் பிழைப்பில்லை என்பது அடுத்த வரி. அதை யாரும் எழுதவில்லை.

நிலத்தில் இறங்கப் பிள்ளை இல்லாத கிழவன் கடைசியில் நிலத்தை விடுவான். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட இல்லை. நிலம் வெளியார் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்த வேறு சில மாநிலப் பழங்குடிகளுக்கு இருக்கும் அந்தக் காப்பு இங்கே கிடையாது. பக்கத்து ஏலகிரியில் யாருடைய நிலத்தில் யாருடைய விடுதி நிற்கிறது என்று ஒரு சுற்று சுற்றினால் தெரிந்துவிடும்.

முதியவர்கள் கணக்கும் உண்டு. தமிழக மக்களில் அறுபதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஜப்பான் பணக்கார நாடான பிறகு கிழடானது. இங்கே முதியோர் உதவித்தொகையே 2023இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. முதலில் வசதி, பிறகு முதுமை என்ற வரிசை அதை வாங்க மலையிறங்கும் பாட்டிக்கு வாய்க்காது.

முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் பதினாறு பெற்றால் என்ன என்று கேட்டார். தொகுதி மறுவரையறைக் கோபத்தில் வந்த பேச்சு அது. கோபத்தில் நியாயமும் உண்டு. ஆந்திர அரசு உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்கு இருந்த இரண்டு பிள்ளை வரம்பையே அந்த ஆண்டு நீக்கியது. ஆனால் மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் பிள்ளை பெறுவதில்லை. தென்கொரியா 2006 முதல் 20,000 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் 2023இல் 0.72க்குப் போய் நின்றது. உலக மக்கள்தொகையே 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கும் என்று ஐ.நா. கணிக்கிறது. இறக்கத்தை நிறுத்துவது நம் கையில் இல்லை. இறங்கும்போது யார் தனியாக மாட்டிக்கொள்வார்கள் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் இல்லை. மலையில் சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளி மூன்றையும் தலைக்கு இத்தனை என்று அளக்காமல் நடைக்கு இத்தனை நேரம் என்று அளக்க வேண்டும். அதற்கும் அதிக நாள் இல்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1, தலையெண்ணிக்கை பிப்ரவரியில். 2011இல் பின்பற்றிய விதிப்படி, பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க ஊரில் இல்லாதவரை அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். பிப்ரவரியில் சாமை அறுவடை முடிந்து மலை காலியாக இருக்கும். ஆட்கள் கூலிக்குப் போயிருப்பார்கள். அந்த இருபது நாளில் திருப்பூரில் எண்ணப்படும் தலை, அடுத்த கணக்கெடுப்பு வரை ஜமுனாமரத்தூருக்குக் கிடையாது.