வலி இல்லாத வருடங்கள்

என் இடுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று இந்த இதழுக்குப் பொறுப்பான சகோதரி கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. லயத்துக் காம்பராவில் இருக்கும் ஐம்பது வயதுக்காரியின் இடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? “யுத்தத்தில் அடிபட்ட பெண்கள் வாசிக்கிற புத்தகம் அக்கா, அவர்களுக்குப் பிரயோசனப்படும்” என்றார். அப்போதுதான் கிளிநொச்சியில் இருக்கும் என் தங்கச்சி மகளின் நினைவு வந்தது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் 1975 இல், இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டம். தலைப்பிள்ளை, பெண்பிள்ளை, அதோடு தலை மேலேயும் கால் கீழேயுமாகப் பிறந்த பிள்ளை. பிறவியில் இடுப்பு மூட்டு விலகியிருப்பதற்கு இந்த மூன்றும் கூடுதல் காரணங்கள் என்று பின்னாளில் ஒரு டொக்டர் சொன்னார். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது நாலைந்து மடங்கு அதிகமாம்.

றப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பில் அப்படி ஒரு சிரட்டை இருக்கிறது. தொடை எலும்பின் தலை, ஒரு பந்து மாதிரி, அதற்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். எனக்கு இடது பக்கச் சிரட்டை ஆழமில்லாமல் தட்டையாக இருந்தது. பந்து வெளியே நின்றது. கைப்பிள்ளைக்கு அதில் வலி கிடையாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை வயதில் நான் வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்ததைப் பார்த்து “புள்ள அழகா நடக்குது” என்று லயமே சிரித்ததாம்.

1979 இல், நாலு வயதில், கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்றைக்கு அது தேசிய வைத்தியசாலை. பந்தை உள்ளே இறக்கி, இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி, மேலே கூரை மாதிரி வைத்திருக்கிறார்கள். கனடாவில் சோல்ட்டர் என்ற வைத்தியர் 1961 இல் எழுதிய முறை அது. நெஞ்சுக்குக் கீழே தொடங்கிக் கால்வரை பிளாஸ்டர் கட்டு. எனக்கு ஞாபகம் இருப்பது கட்டுக்குள் ஊர்ந்த அரிப்பும், ஈர்க்கினால் சொறிந்துவிட்ட அம்மாவின் கையும் மட்டும்தான். கட்டை வெட்டியதும் ஒரு கிளினிக் அட்டை கொடுத்தார்கள். பிள்ளை வளர்ந்து முடியும் வரைக்கும் வருடா வருடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொன்னார்களாம்.

இரண்டு வருடம் காட்டினார்கள். 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழர்களை அடித்தார்கள், லயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடினார். மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள், என்னால் முடியாது. திரும்பி வந்தபோது எங்கள் காம்பராவில் தகரம்தான் மிச்சம். அட்டையும் படங்களும் அம்மாவின் தகரப்பெட்டியோடு போய்விட்டன. சித்தி குடும்பம் இனி இங்கே இருக்க முடியாது என்று வவுனியாவுக்குப் போனது. 1977 இலேயே அப்படிப் போனவர்கள் அங்கே இருந்தார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பு பஸ்ஸில் ஏறவே அம்மாவுக்குப் பயம். “புள்ள ஓடுது, ஆடுது, இனி என்னாத்துக்கு ஆஸ்பத்திரி?” என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு உண்மையாகவே வலி இல்லை. கொஞ்சம் சாய்ந்து நடப்பேன், அவ்வளவுதான். பள்ளியில் நொண்டி என்று கூப்பிட்டார்கள், பிறகு அதுவே பழகிப்போனது.

பதினெட்டு வயதில் பால் வெட்டப் போனேன். விடிய முன்னர் மலையில் நிற்க வேண்டும், ஒரு நாளைக்குச் சுமார் 250 மரம். சரிவில் ஏறி இறங்கி, பால் சேர்ந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். வாளியை நல்ல பக்கமான வலது கையில் தூக்கினால் இடது இடுப்பு இழுத்துப் பிடிக்கும். இடது கையில் தூக்கினால் லேசாக இருக்கும். கங்காணிக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது. “கெட்ட பக்கத்துல ஏன் புள்ள பாரத்தப் போடுற?” என்று கேட்பார். எனக்குக் காரணம் தெரியாது. இருபது வருடம் கழித்து இரத்தினபுரியில் ஒரு பிசியோதெரபி மிஸ் விளக்கினார். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு சாயாமல் இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவையும் சேர்ந்துதான் மூட்டை நசுக்குகிறது. அதனால் ஒவ்வொரு எட்டுக்கும் நம் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு பாரம் மூட்டில் விழுகிறது. நோகும் பக்கத்துக் கையிலேயே சுமையைப் பிடித்தால் அந்தத் தசைக்கு வேலை குறையும். கைத்தடி மட்டும் இதற்கு நேர் எதிர். இடது இடுப்பு நொந்தால் தடி வலது கையில் இருக்க வேண்டும். நானும் முதலில் நோகும் பக்கத்தில்தான் ஊன்றினேன். எங்கள் பக்கத்தில் தடி பிடிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

கல்யாணம் பேசியபோது என்னை உட்கார வைத்தே காட்டினார்கள். நடந்து தேநீர் கொண்டு போனது என் தங்கை. வீட்டுக்காரருக்கு முன்னமே தெரியும். “மலையில தெனமும் பாக்குறேன்ல” என்றார். அவரோடு வாழ்ந்ததில் குறையில்லை. ஆனால் கால் விரியாத இடுப்போடு குடும்பம் நடத்துவது எப்படி என்று எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தருவதில்லை. வலியை வெட்கம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்த வருடங்கள் உண்டு. ஒரு பக்கமாகச் சரிந்து படுத்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்தால் நோவு குறையும் என்ற சின்ன விஷயத்தைக்கூட நானாகத்தான் கண்டுபிடித்தேன். கிளினிக்கில் இதைக் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

1999 இல் மகள் பிறந்தாள். என் இடுப்பு விரியாததால் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிள்ளை டொக்டர் அவளுடைய இரண்டு தொடையையும் மடித்து, மெல்ல விரித்து, விரலால் தொட்டுப் பார்த்தார். பந்து விலகியிருந்தால் உள்ளே போகும்போது ஒரு தட்டு கையில் தெரியுமாம். இத்தாலிய வைத்தியர் ஓர்தொலானி 1930களில் சொன்ன சோதனை. தாய்க்கு இந்தக் குறை இருந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை, காலை விரித்துப் பிடிக்கும் ஒரு வார் போதும்.

இங்கே நம் பாட்டிமார் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்கும் பழக்கம் மிக நல்லது. அப்படித் தூக்கும் நாடுகளில் இந்த நோய் குறைவு என்கிறார்கள். ஆனால் குளிப்பாட்டும்போது காலை நீட்டி இழுப்பதும், கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், இரண்டு காலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றுவதும் கூடாது. ஜப்பானில் 1970களில், காலை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தே இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தார்கள்.

எனக்கு வலி வந்தது முப்பத்தைந்து வயதில். வந்தது இடுப்பில் அல்ல, முழங்காலில். மூன்று வருடம் முழங்காலுக்கு எண்ணெய் போட்டேன். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி இரைப்பை புண்ணானது. ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலைப் படம் எடுத்து, ஒன்றுமில்லை, வயதுக் கோளாறு என்று அனுப்பினார்கள். முப்பத்தெட்டு ஒரு வயதா? வேறோர் இடத்தில் ஓர் இளம் டொக்டர்தான் என்னை எழுந்து நடக்கச் சொன்னார். நாலு எட்டு வைத்ததும் நிறுத்தி, “இடுப்பில் ஒபரேஷன் செய்திருக்கிறதா?” என்று கேட்டார். இடுப்பு நோவு அடித்தொடையிலும் முழங்காலிலும்தான் பேசுமாம், ஒரே நரம்பு இரண்டுக்கும் போவதால். படத்தில் பந்து காளான் மாதிரித் தட்டையாக இருந்தது, குருத்தெலும்பு தேய்ந்திருந்தது, இடது கால் 3 சென்ரிமீற்றர் குட்டை. என்ன ஒபரேஷன், உள்ளே கம்பி இருந்ததா, அடுத்த படங்கள் எப்போது எடுத்தார்கள் என்று அவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. நெருப்பிலே போய்விட்டது டொக்டர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் தங்கச்சி மகளுக்குச் சொன்னேன். சின்ன வயதில் செய்த ஒபரேஷன் தோற்றுப் போகவில்லை. அது இல்லாவிட்டால் நான் இருபது வயதிலேயே முடங்கியிருப்பேன். ஆனால் அப்படிச் சரி செய்த மூட்டுக்கு மற்றவர்களுடையதைவிட ஆயுள் குறைவு. வளரும்போது கால் குட்டையாகிறதா, பந்துக்கு இரத்தம் ஓடுகிறதா, சிரட்டை போதுமான அளவு மூடுகிறதா என்று பார்த்து இடையில் திருத்தலாம். தேய்ந்த பிறகு திருத்த முடியாது. நான் கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டியது வலித்தபோது அல்ல, வலிக்காத அந்த முப்பது வருடத்தில்.

தங்கச்சி மகள் என்றால் வவுனியாவுக்குப் போன சித்தியின் பேத்தி. 2009 இல் அவளுக்கு ஒன்பது வயது. செல் துண்டு பட்டு இடது தொடை எலும்பின் மேல்பக்கம் உடைந்து, வவுனியாவில் கம்பி வைத்தார்கள். 2018 இல் ஒரு கல்யாணத்துக்குக் கிளிநொச்சிக்குப் போனபோது அவள் ஓடியாடி வேலை செய்ததை எல்லோரும் பெருமையாகப் பார்த்தார்கள். நான் அவளுடைய இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கிளினிக்குக்குப் போகிறாயா என்றேன். “எனக்கு நோகேல்லையே பெரியம்மா, பிறகேன்?” என்றாள். என் அம்மா சொன்ன அதே கதை. ஆறு வருடம் போனில் நச்சரித்தேன். 2024 இல்தான் போனாள். கால் 2 சென்ரிமீற்றர் குட்டை, மூட்டு இன்னும் நன்றாக இருக்கிறது. செருப்புக்கு அடி உயர்த்திக் கொடுத்து, வருடம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று செய்யும் வேலையை மாற்றித் தரும்படி கடிதமும் வாங்கிக் கொடுத்தாள். 2009 இல் பிள்ளைகளாக இருந்து காலிலும் இடுப்பிலும் கம்பி வைத்துக்கொண்டவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். இன்றைக்கு அவர்களுக்கும் இருபத்தைந்து, முப்பது வயது. நோகவில்லை என்றுதான் சொல்வார்கள்.

என் கதைக்கு வருகிறேன். பால் வெட்டை விட்டுக் கொழுந்துக்கு மாறினேன். இறுக்கிக் கட்டிய படங்கோடு சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பது அதைவிட மோசம். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனதும் எங்கள் தோட்டத்தில் கொழுந்தின் அளவையும் கூட்டினார்கள். எனக்கு முழுப்பேர் விழுந்த நாட்கள் குறைவு, அரைப்பேர்தான். பேரை விட்டால் லயத்து வீடும் போய்விடுமோ என்ற பயத்தில் இழுத்துக்கொண்டே போனேன். மகள் பெயர் பதிந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஐம்பது வயதில் வேலையை விட்டு ஈ.பி.எப். பணத்தை எடுத்தேன். பெண்களுக்கு அது ஐம்பதிலேயே கிடைக்கும், ஆண்களுக்குத்தான் ஐம்பத்தைந்து.

இப்போது மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் சான்லி என்ற வைத்தியர் 1962 இல் வெற்றிகரமாக்கிய சத்திரசிகிச்சை. 2019 இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 இருபத்தைந்து வருடம் தாங்குகின்றன. சிரட்டை தட்டையானவர்களுக்கு வேலை கொஞ்சம் கடினம் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். நான் பயப்படுவது கத்திக்கு அல்ல. எங்கள் மலசலகூடம் இருபத்திரண்டு படி கீழே, குந்தி இருக்க வேண்டியது. மூட்டு மாற்றிய புதிதில் குந்தக்கூடாது, சப்பணம் கட்டக்கூடாது, தாழ்ந்த பலகையில் உட்காரக்கூடாது. அதனால் ஈ.பி.எப். பணத்தில் முதலில் செய்த வேலை, இஸ்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு கொமட் வைத்தது. நகை செய்யவில்லையே என்று மாமியார் இன்னும் முணுமுணுக்கிறார். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டும், 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

திகதி இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் வலது கையில் தடி, இடது செருப்புக்கு றப்பர் அடி. காலையில் கட்டிலில் படுத்தபடி காலைப் பக்கவாட்டில் இருபது தடவை தூக்கி இறக்குகிறேன். உடம்பில் 6 கிலோ குறைத்திருக்கிறேன்.

எக்ஸ்ரே படங்கள், கிளினிக் புத்தகம், மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் சுற்றி ஒரு பைக்குள் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்க விட்டிருக்கிறேன். 2017 மே மாதம் வெள்ளமும் மண்சரிவுமாக இரத்தினபுரி தவித்த இரவில், எங்கள் லயத்தையும் விட்டு இறங்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் டோர்ச் லைட்டைத் தேடினார், மகள் பள்ளிச் சான்றிதழ்களை எடுத்தாள். நான் அந்தப் பையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே கிடந்த தடியைத் தேடினேன். படங்களை இப்போது போனிலும் எடுத்துக் கிளிநொச்சிக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அவளுடைய படங்கள் என்னிடம் இருக்கின்றன.