ஆங்கிலக் கடிதத்தில் 'எப்போதும்', 'ஒருபோதும்'

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இல்லத்தில் தமிழ். கடிதப் போக்குவரத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். பள்ளித் தலைமையாசிரியருக்கும், வீட்டுச் சொந்தக்காரருக்கும், நகராட்சிக்கும் எழுதுகையில், ஒரு செயல் எத்துணை முறை நிகழ்கிறது என்பதைக் குறிக்கும் சிறு சொற்களில் நாம் இடறி விழுகிறோம். தமிழ் வழக்கை அப்படியே ஆங்கிலத்திற்கும் கொண்டு செல்வதே இதற்குக் காரணம்.

'எங்கள் வீட்டில் எப்போதும் தண்ணீர் வருவதில்லை' என்கிறோம். சில வேளை வருகிறதா, அறவே வருவதில்லையா? நேரில் பேசும்போது குரலே பொருளை உணர்த்திவிடும். ஆங்கில எழுத்திலோ 'நாட் ஆல்வேஸ்' என்றால் சில வேளை வருகிறது. 'நெவர்' என்றால் அறவே இல்லை. வறண்ட குழாயைப் பற்றிய முறையீட்டில் முன்னதை எழுதினால் அதிகாரி நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார்.

அடுத்தது 'ஒருபோதும்'. தமிழில் இதனைத் தொடர்ந்து 'வந்ததில்லை' என்பது போன்ற எதிர்மறை வினை வரும். ஆங்கில 'நெவர்' எதிர்மறையைத் தன்னுள்ளேயே கொண்டது. அதனுடன் 'நாட்' சேரலாகாது. 'என் மகன் ஒருபோதும் தாமதமாக வந்ததில்லை' என்று சொல்ல எண்ணி இரண்டையும் எழுதினால், தாமதமாக வராத நாளே இல்லை என்றாகிவிடும்! 'ரேர்லி', 'ஹார்ட்லி' ஆகியவற்றுக்கும் இதே விதி. கடும் உழைப்பாளி ஒருவரைப் பரிந்துரைக்க 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்று எழுதுக. 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்பது போலாகும்; பாவம், அவர் பிழைப்பே போய்விடும்.

இனி, இச்சொற்கள் நிற்கும் இடம். பொதுவாக முதன்மை வினைக்கு முன்னே: 'ஹி ஆஃபன் ரைட்ஸ்'. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்றவை தனித்து வரும்போது அவற்றின் பின்னே: 'ஹி இஸ் ஆல்வேஸ் பங்க்சுவல்'. துணைவினை இருப்பின் அதனை அடுத்து: 'ஐ ஹாவ் நெவர் கம்ப்ளெயிண்ட்'. 'ட்வைஸ் எ வீக்' போன்ற தொடர்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் அமையும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 'எவ்ரி டே' எனப் பிரித்து எழுதினால் நாள்தோறும். சேர்த்து எழுதினால் 'அன்றாட' என்னும் அடைமொழி. 'பை-வீக்லி' என்பதோ வாரம் இருமுறை என்றும், இரு வாரத்திற்கு ஒருமுறை என்றும் பொருள் தரும். எனவே எண்ணையே வெளிப்படையாக எழுதிவிடுதல் நலம்.

கடிதத்தை உறையிலிடுமுன் இத்தகைய சொற்களின் கீழ் ஒரு கோடிட்டு, நம்மை அறியாத ஒருவர் இதனை எவ்வாறு பொருள் கொள்வார் என்று எண்ணிப் பாருங்கள். நம் குரல் கடிதத்தோடு செல்வதில்லை. சொற்கள் மட்டுமே செல்கின்றன.